வாசனை கேள்வி-பதில்: மரமும் மஸ்க்கும் யாருக்குப் பொருந்தும்?

வுட்டி மஸ்க் என்ற ஒரே ரகத்தைச் சுற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

அக்கா, நான் வங்கியில் கவுண்டரில் வேலை பார்க்கிறேன், வயது 36. துபாயில் இருக்கும் தம்பி லீவில் வந்தபோது ஒரு பெர்ஃப்யூம் வாங்கி வந்தான். அட்டையில் வுட்டி மஸ்க் என்று இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் வீட்டுக்காரர் "ஆம்பளை செண்ட் மாதிரி இருக்கே" என்கிறார். நெட்டில் தேடினால் தன்னம்பிக்கையும் மர்மமும் உள்ள ஆளுமைக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறார்கள். நான் அதிகம் பேசாதவள், விசேஷ வீட்டில் பின்வரிசையில் உட்காருபவள். இது எனக்குப் பொருந்துமா?
— வாசகி, மன்னார்குடி

பொருந்தும், தயங்காமல் போடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே சந்தேகம் இன்னும் பலருக்கு இருக்கிறது.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வுட்டி என்றால் சந்தனம், தேவதாரு, அகில், வெட்டிவேர், பச்சோலி, இந்தக் குடும்பம். வெட்டிவேர் வேர், பச்சோலி இலை, ஆனாலும் வாசனை தயாரிப்பவர்கள் இரண்டையும் மரத்தோடுதான் சேர்க்கிறார்கள், அந்த உலர்ந்த, மண் கலந்த தன்மைக்காக. மஸ்க் என்பது கஸ்தூரி வாசனை, இப்போது ஆய்வகத்தில் செய்வது. அதைத் தனியாக முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் மூக்குக்கு அது புதிதில்லை. துணி துவைக்கும் பவுடரில் இந்த ரகத்தைப் பல வருடமாகப் போட்டு வருகிறார்கள், எத்தனை தடவை அலசினாலும் நூலை விட்டுப் போகாது என்பதற்காக. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கும்போது ஒரு சுத்தமான வாசனை வருகிறதே, அதில் பெரும்பங்கு மஸ்க்தான்.

மரத்துக்கும் மஸ்க்குக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டிலும் இருப்பவை கனமான மூலக்கூறுகள், மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையெல்லாம் கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். பூ வாசனை சில மணி நேரம் நிற்கும். மரமும் மஸ்க்கும் சாயங்காலம் வரை தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அளவாகப் போட்டால் எட்டிப் போய்ப் பரவாது. நீங்கள் வாசலில் நுழையும்போதே கடைசி மேஜையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற வாசனை இது இல்லை. கவுண்டரில் குனிந்து செலானை நீட்டுகிற ஆளுக்குத் தெரியும், பக்கத்து நாற்காலித் தோழிக்குத் தெரியும், மடியில் படுத்துக்கொள்கிற பிள்ளைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் ஆளுமைக்கு ஏற்ற வாசனை எது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களை யார், எவ்வளவு தூரத்திலிருந்து உணர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அட்டையில் இருக்கும் மர்மம், கம்பீரம், கவர்ச்சி எல்லாம் விற்பவர் ஒட்டியது. இந்த குணத்துக்கு இந்த வாசனை என்று உறுதியான விதி எதுவும் கிடையாது. தூரம் மட்டும் நிஜம். கூட்டத்தில் முன்னால் நிற்க விரும்பாதவர், மெதுவாகப் பேசுகிறவர், தெரிந்தவர்களோடு மட்டும் மனம் விட்டுச் சிரிக்கிறவர், இவர்களுக்குக் கை நீட்டும் தூரத்தில் நின்றுகொள்ளும் வாசனைதான் சரியாக உட்காரும். நீங்கள் உங்களைப் பற்றி எழுதிய இரண்டு வரியும் அதைத்தான் சொல்கிறது. நாலு பேர் எட்ட நின்றே "நல்லா இருக்கே, என்ன செண்ட்?" என்று கேட்டால்தான் சந்தோஷம் என்பவருக்கு வுட்டி மஸ்க் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவர் மல்லி, ரோஜா, பழ வாசனை பக்கம் போகட்டும். மணிக்கொரு தரம் மாற வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் இது சலித்துவிடும், ஏனென்றால் காலையில் பதினோரு மணிக்கு எப்படி இருக்கிறதோ மாலை ஐந்து மணிக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நம் கடைகளில் ஆண்களுக்கென்று விற்கும் டியோடரண்டிலும் ஷேவிங் லோஷனிலும் தேவதாரு, வெட்டிவேர் சாயல் அதிகம். அவர் மூக்கு அப்படிப் பழகிவிட்டது. ஆனால் மரமும் மஸ்க்கும் ஆண்கள் சொத்து என்பது எங்கும் எழுதி வைத்ததில்லை. 2003ல் வந்த நர்சிசோ ரோட்ரிகஸ் ஃபார் ஹெர் பெண்களுக்காகவே செய்தது, அதன் முதுகெலும்பே மஸ்க்தான், அடியில் பச்சோலி. 2011ல் வந்த லெ லாபோவின் சாண்டல் 33 சந்தனமும் தேவதாருவும் கலந்தது, ஆணும் பெண்ணும் சமமாகப் போடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? கல்யாண மண்டப வாசலில் சந்தனப் பேலாவை நீட்டும்போது ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று யாராவது தனித்தனியாக வைக்கிறார்களா? தஞ்சாவூர்க் கதம்பத்தில் மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்தோடு வெட்டிவேரையும் சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டவர்கள் பெண்கள்தான். புன்னைநல்லூர் மாரியம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். மூலவர் புற்றுமண்ணால் ஆனவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தைலக்காப்பு நடக்கும். சாம்பிராணித் தைலம், புனுகு, அரகஜா, ஜவ்வாது எல்லாம் சாத்துவார்கள். பிசின், மரம், விலங்கு வாசனை மூன்றும் ஒரு பெண் தெய்வத்தின் மேல். வுட்டி மஸ்க் என்று இன்று அட்டையில் போடுவதற்கு இதைவிட நெருங்கிய சொந்தம் எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்து மூக்குகள் இந்த வாசனையில் வளர்ந்தவை. உங்களுக்கு முதல் தடவையே பிடித்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மூக்கில் படும் வாசனை மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு மிக நேரான வழியில் போய்ச் சேருகிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் பிடித்துவிடுவதோ பிடிக்காமல் போவதோ நடந்துவிடும்.

வீட்டில் சந்தனக்கல் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டையை இழைத்து மணிக்கட்டில் பூசுங்கள். ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் காரமாக, பச்சை மரத்தூள் மாதிரி அடிக்கும். காய்ந்து தோலில் மெல்லிய வெடிப்பு விடும்போது அந்தக் காரம் போய்விடும், பால் மணம் போல ஒன்று, லேசான இனிப்போடு தோலோடு தோலாக நிற்கும். இப்போது இன்னொரு மணிக்கட்டில் உங்கள் பெர்ஃப்யூமை ஒரு தடவை அடித்து, அரை மணி கழித்து இரண்டையும் மாறி மாறி முகரச் சொல்லுங்கள். ஆம்பளை வாசனை என்று மறுபடி சொல்ல அவருக்கே மனசு வராது.

போடும் முறையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் குளித்துத் துடைத்த உடனே, வியர்க்கும் முன்னால், முழங்கை மடிப்பில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று. போதும். சித்திரை, வைகாசியில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், சூட்டில் எல்லா வாசனையும் கூடுதலாகவே கிளம்பும். தோல் வறண்டிருந்தால் வாசனை நிற்காது, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிவிட்டு அதன் மேல் அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசனை இருக்கிறது, இரண்டும் சண்டை போடும்.

அக்கா, வயது 27, பட்டுக்கோட்டை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ட்ராங்கான பர்சனாலிட்டி என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வுட்டி மஸ்க் ஆன்லைனில் வாங்கினேன். அடித்த பத்து நிமிஷத்தில் எனக்கு வாசனையே வருவதில்லை. ஏழெட்டு தடவை அடித்துக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போனால், சித்தி "என்னடா இவ்வளவு நெடி" என்று தள்ளி உட்கார்ந்துவிட்டார். பாட்டில் போலியா, என் மூக்கில் கோளாறா?
— வாசகர், பட்டுக்கோட்டை

பாட்டிலும் சரியாக இருக்கலாம் தம்பி, மூக்கும் சரியாக இருக்கலாம். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். சாம்பிராணி போட்ட வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் போய், வாசலில் வருபவருக்குச் சட்டென்று தெரிவது இதனால்தான். மஸ்க்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. சில வகை மஸ்க்கைச் சிலரால் முகரவே முடியாது, மற்ற வாசனை எல்லாம் நன்றாகத் தெரியும், அந்த ஒரு மூலக்கூறு மட்டும் அவர்களுக்குக் கிடையாது. இது நோய் இல்லை, பிறவியிலேயே வரும் வித்தியாசம். இதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒரே மஸ்க்கைப் போடாமல் இரண்டு மூன்றைக் கலக்கிறார்கள். மர வாசனையிலும் இப்படி விளையாட்டுக் காட்டுவது உண்டு. 1973ல் வந்த ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மூலக்கூறு தேவதாரு சாயல் உள்ளது, 2006ல் வந்த மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமில் வாசனைக்கென்று அது ஒன்றுதான் இருக்கிறது. போட்டவர்கள் "இப்போ வருது, இப்போ இல்லை" என்று சொல்வார்கள்.

அதனால் உங்கள் மூக்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தடவை அடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அம்மாவையோ தங்கச்சியையோ கேளுங்கள். அவர்கள் ஒரு முழம் தள்ளி நிற்கும்போது தெரிகிறது என்றால் அளவு சரி. நடையிலிருந்தே தெரிகிறது என்றால் ஒன்றைக் குறையுங்கள்.

பெண் பார்க்கப் போகும் விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். அந்த வீட்டில் கூடத்தில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள், ஜன்னல் பாதி மூடியிருக்கும், காபியும் பஜ்ஜியும் வரும். அந்தப் பெண் ஏற்கெனவே படபடப்போடு இருப்பார். அவர் உங்களைப் பார்க்க வேண்டிய நேரம் அது, உங்கள் செண்ட்டைச் சமாளிக்க வேண்டிய நேரம் இல்லை. சலவைச் சட்டை, ஒரே ஒரு ஸ்ப்ரே, அதுவும் சட்டைக்கு உள்ளே நெஞ்சில். இருவரும் தனியாக நாலு வார்த்தை பேச வாய்ப்புக் கிடைத்தால் அந்த நெருக்கத்தில் லேசாகத் தெரியட்டும். நல்லபடியாக முடிய என் வாழ்த்து.

மஸ்க் என்றால் கஸ்தூரி, கஸ்தூரிக்காக மானைக் கொல்கிறார்கள் என்று படித்தேன். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், ஆனால் ஒரு உயிரைக் கொன்றுதான் அது கிடைக்கிறது என்றால் வேண்டாம். உண்மை என்ன?
— கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

இப்படிக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஒரு காலத்தில் நடந்தது அதுதான். இமயமலைப் பக்கம் வாழும் கஸ்தூரி மானில், ஆண் மானுக்கு மட்டும் தொப்புளுக்குக் கீழே ஒரு சுரப்பிப் பை உண்டு. அதை அறுத்துக் காயவைத்து எடுப்பதுதான் அசல் கஸ்தூரி, அதற்காக மானைக் கொன்றார்கள். இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கஸ்தூரி மான் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம்.

கடையில் நீங்கள் பார்க்கும் மஸ்க் அது இல்லை. 1888ல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது, தான் செய்த பொருளில் கஸ்தூரி வாசனை வருவதைக் கண்டுபிடித்தார். செயற்கை மஸ்க் அங்கேதான் தொடங்கியது. அசல் கஸ்தூரியின் வாசனைக்குக் காரணமான மஸ்கோன் எப்படி அமைந்திருக்கிறது என்பதை 1926ல் லியோபோல்ட் ருசிக்கா கண்டறிந்தார். 15 கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த அமைப்பு. அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நிற்காது என்று அதுவரை வேதியியலில் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1939ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, இந்த ஆராய்ச்சியும் அதில் சேர்த்தி. பழைய செயற்கை மஸ்க்குகள் சிலவற்றைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒதுக்கிவிட்டார்கள், இப்போது புழங்குவது வேறு தலைமுறை. செடியிலிருந்தும் மஸ்க் வாசனை உண்டு, கஸ்தூரி வெண்டை என்று ஒரு செடி, பார்க்க நம் வெண்டை மாதிரியே இருக்கும், அதன் விதையிலிருந்து எடுக்கிறார்கள். கஸ்தூரி மஞ்சளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் வருவது கற்பூரச் சாயல்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு கோயில் இருக்கிறது. கூறைநாட்டில் புனுகீஸ்வரர். புனுகுப்பூனை தன் புனுகைச் சாத்திச் சிவனை வழிபட்டது என்பது தலபுராணம். புனுகும் விலங்கிலிருந்து வருவதுதான், ஆனால் அந்தக் கதையில் பூனையை யாரும் கூண்டில் அடைக்கவில்லை, அதுவாகவே கொண்டுவந்து கொடுக்கிறது. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். புனுகு, கஸ்தூரி அசல் என்று சொல்லி யாராவது ரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள். ஒன்று அது போலியாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு விலங்கு துன்பப்பட்டிருக்கும். மற்றபடி மஸ்க் என்று எழுதிய பெர்ஃப்யூமை நிம்மதியாகப் போடுங்கள்.

எங்கள் வாப்பாவுக்கு 70 வயது, தினமும் பள்ளிக்குத் தொழப் போகிறவர். ஸ்ப்ரே பிடிக்காது, ஆல்கஹால் இருக்கிறது என்பார். வுட்டி மஸ்க் மாதிரியே அத்தரில் கிடைக்குமா? அமைதியான மனிதர், கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.
— வாசகர், நாகூர்

நீங்கள் இருக்கும் ஊரிலேயே கிடைக்கும்போது வேறு எங்கே போகப் போகிறீர்கள்? கந்தூரி சமயத்தில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு வரும் ராத்திரி நாகூர்த் தெரு முழுக்க என்ன வாசனையோ, அதுதான் வாப்பாவுக்கு வேண்டியது. தர்கா அலங்கார வாசல் பக்கம் அத்தர்க் கடைக்கு வாப்பாவையே அழைத்துக்கொண்டு போங்கள். வெள்ளை மஸ்க், சந்தனம் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் பஞ்சில் தொட்டுக் கொடுப்பார். ஒன்றைக் காதுமடிப்பில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். மஸ்க் தனியாக ரொம்ப இனிப்பாகப் பட்டால், சந்தனம் முக்கால் பங்கு, மஸ்க் கால் பங்கு என்று கலந்து தரச் சொல்லுங்கள், கேட்டால் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்துக்கு 3 மில்லி போதும்.

அத்தருக்குப் பேர்போனது உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னௌஜ். அங்கே செப்பு அண்டாவில் பூவையோ வேரையோ தண்ணீரோடு கொதிக்கவைத்து, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. ரோஜா அத்தராகவே இருந்தாலும் அடியில் சந்தனம் இருந்தது, சாயங்காலம் வரை மணம் நின்றது. இன்று சந்தன எண்ணெயின் விலை கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டதால் பலர் வேறு எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள், சும்மா ஐம்பது, நூறு ரூபாய்க்குச் சுத்தமான சந்தன அத்தர் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வாசனை பிடித்திருந்தால் அந்த விலைக்கு வாங்குங்கள், சந்தனத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைச் சட்டையில் நேராகத் தடவ வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லுங்கள், எண்ணெய்க் கறை போகாது. மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு தொடுகை. அவரைப் போன்ற நிதானமான மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வாசனை எனக்குத் தோன்றவில்லை. ஸஃபில், அதாவது தொழுகை வரிசையில், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் தெரியும்.

பட்டுப்புடவையில் பெர்ஃப்யூம் அடிக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

கூடாது. ஆல்கஹாலும் எண்ணெயும் பட்டில் திட்டுத் திட்டாகக் கறை விடும், ஜரிகையில் பட்டால் இன்னும் மோசம். புடவை கட்டுவதற்கு முன்னால் தோலில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். பீரோவில் பட்டுக்கு நடுவே வெட்டிவேரைச் சின்னத் துணிமூட்டையாகக் கட்டி வையுங்கள், நேராகப் படாமல். அந்த வாசனை மேல் வுட்டி மஸ்க் அழகாகப் போய் உட்காரும்.

நான் வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி கனமான மஸ்க் வாசனை போட்டுக்கொண்டு வருகிறாள். சின்ன அறை. மற்றப் பிள்ளைகளுக்கு இருமல் வருகிறது, எனக்குத் தலைவலி. நன்றாகப் பாடும் பெண், ரொம்ப ரோஷக்காரி. எப்படிச் சொல்வது?
— பாட்டு ஆசிரியை, திருவையாறு

எல்லோர் முன்னாலும் வேண்டாம் அம்மா. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, "எனக்குத் தொண்டைக்கு ஒத்துக்கலடி, பாட்டு நாளில் மட்டும் போடாமல் வா" என்று உங்கள் பேரில் சொல்லிவிடுங்கள். அவள் வாசனையைக் குறை சொன்னதாக ஆகாது. மூச்சு இழுத்துப் பாடுகிற அறையில் எந்தச் செண்ட்டும் வேண்டாம் என்று எல்லோருக்கும் பொது வழக்கமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆஸ்பத்திரி, நோயாளி இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் அறை, இவற்றுக்கும் இதே வழக்கம்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். சின்ன வயதில் கனமான வாசனையைத் தேடுகிற பிள்ளைகள் பல சமயம் யாராவது தங்களைக் கவனிக்க வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். நன்றாகப் பாடுகிறாள் என்று எனக்கு எழுதியதை அவளிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.

வெளிநாட்டு பெர்ஃப்யூம் எல்லாம் ஆயிரக்கணக்கில். ஒரு சாதாரணச் சம்பளக்காரன் வுட்டி மஸ்க் போட வேண்டுமென்றால் என்ன வழி? பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பிராண்டு பேரில் முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
— வாசகர், ஒரத்தநாடு

அதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தோலில் அரிப்பு, தடிப்பு வந்தால் கேட்கவும் ஆள் கிடையாது. அதே முன்னூறு ரூபாய்க்கு நல்ல கடையில் சின்ன அத்தர் ஒன்று, இல்லையென்றால் முகவரியும் உள்ளடக்கமும் அச்சிட்ட உள்ளூர்த் தயாரிப்பு ஸ்ப்ரே ஒன்று வாங்கலாம். மஸ்க்கும் மர வாசனையும் செயற்கையாகக் குறைந்த செலவில் கிடைப்பதால், இந்த ரகத்தில் விலை குறைந்தவையும் நன்றாகவே அமையும். மல்லி, ரோஜா ரகத்தில் அப்படி இல்லை, மலிவானது மலிவாகவே அடிக்கும்.

கொஞ்சம் சேர்த்து வைத்து வாங்குவதாக இருந்தால் அட்டையைப் பாருங்கள். ஓ டி டாய்லெட் என்றால் வாசனைப் பொருள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20. விலையில் இரண்டாவது கூட இருந்தாலும் வுட்டி மஸ்க்கில் ஒரு ஸ்ப்ரே போதும் என்பதால் பாட்டில் நீண்ட நாள் வரும். வாங்கியதை வெயில் படும் ஜன்னலிலோ பைக் டேங்க் கவரிலோ வைக்காமல், இருட்டான அலமாரிக்குள் வையுங்கள், சூடும் வெளிச்சமும்தான் அதைக் கெடுக்கும்.

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ டெஸ்டர் வைத்திருக்கும் கடைக்குப் போனால், அட்டைத்துண்டில் அடித்து முகர்ந்ததும் முடிவு செய்யாதீர்கள். அட்டையில் முதலில் வருவது எலுமிச்சையும் மசாலாவும்தான், உங்களுக்கு வேண்டியது அதற்கு அடியில் இருப்பது. கையில் அடித்துக்கொண்டு, வாங்காமல் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுங்கள். பஸ் கூட்டத்தில் வியர்த்து, வயல்காற்றில் உலர்ந்து, வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அந்த வாசனை உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்த சம்பளத்தில் போய் வாங்குங்கள்.